எழுதியவரே விற்ற பத்திரிகை: கபர் லஹரியா – ஒரு நிகழ்வு ஆய்வு

கபர் லஹரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வியப்பில்தான் தொடங்குகிறார்கள்: எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்த கிராமத்துப் பெண்கள் பத்திரிகை நடத்துகிறார்களாம்! வியப்பில் தவறில்லை. ஆனால் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது ஒரு பத்திரிகை என்பதே அதில் அடிபட்டுப்போகிறது. செய்தியை யார் சேகரித்தார்கள், எப்படித் திருத்தினார்கள், ஊர் ஊராக எப்படிப் போய்ச் சேர்ந்தது, காசு எங்கிருந்து வந்தது, தாளில் வருவது ஏன் நின்றது என்று எந்தப் பத்திரிகையிடமும் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டு போனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் விநியோகம். செய்தியை எழுதிய பெண்ணே பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், எந்த ஊரைப் பற்றி எழுதினாரோ அந்த ஊரிலேயே அதை விற்றார். இந்தப் பத்திரிகையின் நடை, துணிவு, நம்பகம் எல்லாமே அங்கிருந்து வந்தவை என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் வறண்ட பூமி புந்தேல்கண்ட். அதன் கிழக்கு ஓரத்தில், இராமன் வனவாசத்தில் தங்கியதாக நாம் அறிந்த சித்திரகூடம் இருக்கிறது. 1997-ல் பாந்தா மாவட்டத்தைப் பிரித்து இதைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டத் தலைநகர் கர்வி. தெற்கே பாட்டா என்னும் கல்மேடு. அங்கே கோல் இன மக்கள் பீடி இலை பறித்தும் விறகு சுமந்தும் பிழைக்கிறார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் பழங்குடியினர், இந்தப் பக்கம் பட்டியல் சாதியினர். ஒரே மக்கள், ஒரே காடு, இரண்டு சான்றிதழ்! 1991 கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசம் முழுவதற்குமே பெண்களின் எழுத்தறிவு சுமார் 25 சதவீதம்தான். பாட்டாவின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடிபம்பிலிருந்து

பத்திரிகையின் வேர் ஒரு பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறது. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1989-ல் மத்திய அரசு மகிளா சமாக்யா என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கு எழுத்தறிவை மேலிருந்து திணிக்காமல், அவர்களாகக் கேட்கும்போது கொடுப்பது அதன் அணுகுமுறை. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் பாந்தாவும் ஒன்று. அங்கே பெண்கள் கூடிப் பேசியபோது முதலில் வந்தது எழுத்தில்லை, தண்ணீர். ஊருக்கு ஊர் அடிபம்பு போட்டிருந்தார்கள். பாதி ஓடவில்லை. ரிப்பேர் பண்ண ஆள் வர நாளாகும்.

அதனால் பெண்களுக்கே பம்பு மெக்கானிக் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியா மார்க் 2 என்ற அந்தப் பம்பு நம் கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்து உருவானது. நாடு முழுக்கப் பரவிய வலுவான வடிவம், ஆனால் பழுதுபார்ப்பது லேசான காரியமில்லை. அடியில் உருளைக்குள் இருக்கும் தோல் வாஷர் தேய்ந்துபோனால், மேலே இருக்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கிக் கழற்ற வேண்டும். நழுவினால் குழாய் கிணற்றுக்குள் போய்விடும். நாலைந்து பேர் சேர்ந்து ஸ்பானரும் கிளாம்புமாக நின்று செய்யும் வேலை. தலித் பெண் தொட்டால் தீட்டு என்று நினைக்கும் தெருவிலும், பம்பு நின்றுபோனால் இனி இவளைத்தான் கூப்பிட வேண்டும் என்ற நிலை வந்தது.

வேலை முடிந்ததும் எழுதி வைக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பம்பு, என்ன கோளாறு, எந்தப் பாகம் மாற்றியது என்று. அங்கேதான் அந்தப் பெண்கள் படிப்பைக் கேட்டார்கள். தங்கிப் படிக்கும் முகாம்கள் நடந்தன. எழுத்து வந்தது. வந்த பிறகு அடுத்த சிக்கல்: எதைப் படிப்பது?

இந்தச் சிக்கல் நமக்கும் தெரிந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை எழுத்துக்கும் சைக்கிளுக்கும் கொண்டுவந்தது. பாடப் புத்தகம் முடிந்த பிறகு கையில் எடுக்க எதுவும் இல்லாவிட்டால், கற்ற எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். நாளிதழின் எழுத்து பொடிசு, வாக்கியம் நீளம், செய்தி தூரத்து ஊர்களுடையது. பாந்தாவின் பெண்களுக்கு நாளிதழின் இந்தியே பாதி அந்நியம். அவர்கள் வீட்டில் பேசுவது புந்தேலி. இந்த இடைவெளியில், 1990-களில், மகிளா டாகியா என்ற சிறு செய்தி ஏடு பிறந்தது. புதிதாக எழுதக் கற்ற பெண்களே எழுதியது, படம் வரைந்தது. டில்லியிலிருந்து இயங்கிய நிரந்தர் என்ற அமைப்பு பக்கத்தில் இருந்து கைகொடுத்தது. பத்தாண்டு முடியும் தறுவாயில் திட்டத்தின் ஆதரவு வற்றியது, மகிளா டாகியா நின்றது.

ஏடு நின்றதும் ஊர்களில் அதைக் கேட்டார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் திருப்பம். எழுத்தறிவுத் திட்டத்துக்கான பாடப் பொருளாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்திரிகையாக ஆகிவிட்டிருந்தது, அதனால் கேட்டார்கள்.

இரண்டு ரூபாய், எட்டுப் பக்கம்

2002 மே மாதம் கர்வியிலிருந்து கபர் லஹரியாவின் முதல் இதழ் வந்தது. பெயருக்குச் செய்தி அலைகள் என்று பொருள். நிரந்தர்தான் பின்பலம். மகிளா டாகியாவில் இருந்த சிலரும் புதியவர்களுமாக ஒரு சிறு குழு. தலித், கோல், முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்கள். சிறுவயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, பிறகு எழுத்துக் கற்றவர்கள் அதில் உண்டு. அந்த முதல் குழுவிலிருந்து வந்த கவிதா தேவி பின்னாளில் இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கமான எடிட்டர்ஸ் கில்டில் உறுப்பினரானார். மாதம் இருமுறையாக வந்துகொண்டிருந்த ஏடு பின்பு வார இதழானது. எட்டுப் பக்கம், விலை இரண்டு ரூபாய், மொழி புந்தேலி.

புந்தேலியில் எழுதுவது என்ற முடிவு எளிதாகத் தெரியலாம். எளிதில்லை. பேச்சில் ஊருக்கு ஊர் மாறும் மொழி அது. இந்தியின் கொச்சை வடிவம் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டதும்கூட. வட்டார அலுவலகத்தில் மனு எழுதினால் இந்தியில்தான் எழுதியாக வேண்டும். அந்த மொழியில் பத்திரிகை என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்ய வேண்டும், அரசாங்கச் சொற்களை என்ன செய்வது என்று பேச வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் பிரதியை உரக்கப் படித்துத் திருத்துவது இந்தக் குழுவுக்கு இயல்பான முறையாக அமைந்தது. காதுக்குத் தட்டும் வாக்கியம் தாளிலும் தட்டும். ஒரு ஊரில் வாங்கப்படும் ஒரு பிரதியை ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள் என்பதால் அந்தச் சோதனை பொருத்தமானதும்கூட. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், நிறையப் படம். உள்ளூர்ச் செய்தியோடு மாநில, நாட்டு, உலகச் செய்தியும் இருந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு உள்ளூர்க் கதை போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எளிய மக்களுக்கான ஏடு என்று தொடங்குகிறவர்கள் பலர், வாசகரின் அக்கறையையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறார்கள்.

கட்டைத் தூக்கிக்கொண்டு

இனி விநியோகம். இந்தியின் முதல் பத்திரிகையான உதந்த் மார்தண்ட், 1826 மே 30 அன்று கல்கத்தாவில் வார இதழாகவே தொடங்கியது. அதைப் படிக்கக்கூடியவர்கள் இருந்ததோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, இந்தி பேசும் வடக்கில். தபால் கட்டணச் சலுகை கேட்டும் கிடைக்கவில்லை. 1827 முடிவதற்குள் மூடிவிட்டார்கள். எழுத ஆள் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. கிராமத்துக்கான எந்தப் பத்திரிகைக்கும் இந்த ஆபத்து இன்றும் அப்படியேதான் இருக்கிறது. முகவர் பத்துப் பிரதிக்காகக் காட்டுப் பாதையில் போக மாட்டார். பேருந்து போகும் ஊரோடு நாளிதழ் நின்றுவிடும்.

கபர் லஹரியாவில் நிருபர்களே பிரதிகளைச் சுமந்தார்கள். நடந்தும், பகிர்ந்த ஜீப்பில் தொற்றியும், சைக்கிளிலும் போனார்கள். சந்தையில் நின்று விற்றார்கள். தேநீர்க் கடையில், வட்டார அலுவலக வாசலில், ஆண்கள் கூடியிருக்கும் இடத்திலும் போய் நீட்டினார்கள். யுனெஸ்கோ 2009-ல் கிங் செஜாங் எழுத்தறிவு விருதைக் கொடுத்தபோது, புதிதாக எழுத்தறிவு பெற்ற பெண்களே உருவாக்கிச் சந்தைப்படுத்தும் பத்திரிகை என்பதைக் குறிப்பாகச் சொன்னது. பாராட்டியவர்களில் எத்தனை பேர் அந்தச் "சந்தைப்படுத்தும்" என்ற பகுதியைக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். ஒரு கிராமத்தில் பிரதான், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், நூறு நாள் வேலைத் திட்டத்தில் செத்துப்போனவர் பெயரில் கூலி எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரத்து நிருபர் அதை எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். இந்த நிருபர் அந்த இதழை எடுத்துக்கொண்டு அதே ஊருக்கு மறுபடி போக வேண்டும். பெயர் தவறாக இருந்தால், தொகை தவறாக இருந்தால், முகத்துக்கு நேரே கேட்பார்கள். சரியாக இருந்தால், அடுத்த பத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு இன்னொரு விஷயம் சொல்வார்கள். செய்தியைச் சரிபார்ப்பதும் அடுத்த செய்தியைப் பிடிப்பதும் விற்பனையும் ஒரே நடையில் முடிந்தன. பிரதானும் ஒரு பிரதி வாங்குவார், தன்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க.

காலமும் இதற்குத் தோதாக அமைந்தது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாக 200 மாவட்டங்களில் தொடங்கியபோது சித்திரகூடமும் பாந்தாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. வேலை அட்டை, கூலிப் பட்டியல், ரேஷன் அட்டை, ஓய்வூதியம் என்று கிராமத்து வாழ்க்கையில் அரசாங்கக் காகிதம் பெருகிய காலம். காகிதத்தைப் படிக்கத் தெரிந்த, படித்துக் கேள்வி கேட்கத் துணிந்த ஒருத்தி வாராவாரம் ஊருக்குள் வந்துபோனாள். மழை பொய்த்த ஆண்டுகள், ஊரைக் காலி செய்து சூரத்துக்கும் டில்லிக்கும் கிளம்பிய குடும்பங்கள், குவாரித் தூசு, பெண்கள் மேல் நடந்த வன்முறையைப் புகாராக எழுத மறுத்த காவல் நிலையங்கள் எல்லாம் பக்கத்தில் ஏறின.

பயம் இல்லாமல் இல்லை. பாட்டாவில் பல பத்தாண்டுகள் கொள்ளைக்காரர்களின் ஆட்சிதான். ததுவா என்று அழைக்கப்பட்டவரை 2007 ஜூலையில்தான் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தக் காட்டுப் பாதையில் தனியாக நடக்கும் பெண் நிருபருக்குத் துப்பாக்கியைவிட அன்றாடம் பெரிய தடையாக இருந்தது வேறு. யார் மகள், எந்தச் சாதி, புருஷன் எப்படி வெளியே விட்டான் என்ற கேள்விகள். அதிகாரி நாற்காலி போட மாட்டார். சக ஆண் நிருபர்கள் பத்திரிகையாளர் சந்திப்பில் இடம் விட மாட்டார்கள். வீட்டில் அடுப்பு காத்திருக்கும். இவ்வளவையும் தாண்டித்தான் எட்டுப் பக்கம் நிரம்பியது.

கணக்கு

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அதிசயம் எதுவும் இல்லை. இரண்டு ரூபாய் விற்பனையில் எந்தப் பத்திரிகையும் நிற்காது. அச்சுக் கூலிக்கே போதாது. உள்ளூர் விளம்பரம் எடுத்தால் யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்கள்தான் விளம்பரதாரர்கள். அறக்கட்டளைகளின் நிதியும் நிரந்தரின் உழைப்பும்தான் பெரும்பகுதியைத் தாங்கின. அந்த இரண்டு ரூபாயை வருமானமாகப் பார்க்கக் கூடாது, வாசகரின் ஓட்டாகப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கொடுத்திருந்தால் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று நிருபருக்குத் தெரிந்திருக்காது.

அங்கீகாரம் சீக்கிரமே வந்தது. சிறந்த பெண் ஊடகவியலாளருக்கான சமேலி தேவி ஜெயின் விருதை 2004-ல் குழுவாகப் பெற்றார்கள். 2006-ல் பாந்தா பதிப்பு. அடுத்த ஆறேழு ஆண்டுகளில் அவதி, போஜ்புரி, பீகாரின் பஜ்ஜிகா என்று மொழிக்கொரு பதிப்பு. 2012-ல் எல்லாப் பதிப்புகளும் சேர்ந்து சுமார் 6,000 பிரதிகள். பெரிய பத்திரிகைகளின் கணக்கில் இது ஒன்றுமில்லை. கையால் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக விற்ற கணக்கில் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

போனுக்கு மாறியது

2013 வாக்கில் இணையதளம் தொடங்கினார்கள். போன் நிருபரின் கருவியாகும் முன்பே அவரைத் துன்புறுத்தும் கருவியாகிவிட்டது. 2015-ல் ஒருவன் பல எண்களிலிருந்து மாதக்கணக்கில் நிருபர்களைக் கூப்பிட்டு ஆபாசமாகப் பேசினான், மிரட்டினான். புகார் கொடுத்தும் காவல்துறை அசையவில்லை. அந்தப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே பொதுவில் எழுதிய பிறகுதான் மேலிடம் விழித்தது, ஆள் கைதானான். அடுத்தவர் புகாரைப் பதிவுசெய்ய வைப்பதற்காகப் பத்தாண்டுகள் காவல் நிலைய வாசலில் நின்றவர்கள் இவர்கள். தங்கள் புகாருக்கும் அதே வழியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

2016-ஐ ஒட்டித் தாள் நின்றது. நிருபர்கள் ஸ்மார்ட்போனைக் கையில் எடுத்து வீடியோ எடுக்கக் கற்றார்கள். சம்பல் மீடியா என்ற நிறுவனம் உருவாகி நிர்வாகத்தைத் தாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 6,000 பிரதிகள் இருந்த இடத்தில் யூடியூப் சேனலை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். உடைந்த சாலையை எழுத்தில் விவரிப்பதைவிடக் காட்டிவிடலாம். அதிகாரி சொன்ன பதிலை "சொல்லவே இல்லை" என்று பிறகு மறுக்க முடியாது. பலன்கள் உண்மையானவை. அச்சுச் செலவு ஏறிக்கொண்டே போக, நிதி சுருங்கிக்கொண்டே வந்த நிலையில் அவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இருக்கவில்லை.

இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்து ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ஆவணப்படம் 2021-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இரண்டு விருதுகள் பெற்று, 2022-ல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள் முன்பு கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் மனதைத் தொடுகிறது, வலுவாகவும் இருக்கிறது, ஆனால் எங்களை ஒரே கட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்களாகக் காட்டுவது சரியில்லை, எல்லாக் கட்சிகளையும் நாங்கள் கேள்வி கேட்கிறோம் என்பது அதன் சாரம். ஆஸ்கர் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. மறுநாள் அந்த நிருபர் ஒரு கிராமத்துக்குள் போக வேண்டும். ஒரு கட்சிக்கு எதிரான ஆள் என்று முத்திரை விழுந்தால் பாதி வீட்டில் கதவு திறக்காது. ஊர் ஊராகப் பத்திரிகை விற்ற காலத்தில் கற்ற பாடம் அது.

தாளை நிறுத்தியதில் இழந்தது என்ன என்பதை யாரும் போதிய அளவு பேசவில்லை. 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் சுமார் 46 சதவீதம். அதில் எழுதப் படிக்கவும் போனில் வீடியோ தேடவும் பழகியவர்கள் இன்னும் குறைவு. புந்தேல்கண்டின் கிராமத்தில் அன்று ஸ்மார்ட்போன் என்பது வீட்டு ஆணின் சட்டைப் பையில் இருந்த பொருள். யாருக்காகப் பெரிய எழுத்தும் சின்ன வாக்கியமும் கண்டுபிடிக்கப்பட்டனவோ, அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஏடு போய், அவள் கேட்டு வாங்க வேண்டிய போன் வந்தது. பார்வையாளர் எண்ணிக்கை பெருகியது உண்மை. அவர்களில் எத்தனை பேர் செய்தி நடந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் லக்னோவிலும் டில்லியிலும் உட்கார்ந்து பார்ப்பவர்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. தூரத்து வாசகரும் பயன்தான்: லக்னோவில் ஒருவர் பார்த்தால் கர்வியில் ஒரு கோப்பு நகரும். ஆனால் அவர் நிருபரின் முகத்துக்கு நேரே, "என் பேரைத் தப்பாப் போட்டிருக்கியே" என்று கேட்கப் போவதில்லை.

கபர் லஹரியா நிருபர்கள் இன்றும் ஊர்களுக்குள் போகிறார்கள், அதனால் அந்த உறவு அறுந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைப் பரிந்துரைப்பேன். வீடியோக்கள் அப்படியே தொடரட்டும். கூடவே மாதம் ஒருமுறை, நான்கே பக்கம், அந்தந்த வட்டாரத்துச் செய்தி மட்டும் வைத்து, பழைய பெரிய எழுத்தில், விலை போட்டு அச்சடிக்க வேண்டும். நிருபர் எப்படியும் அந்த ஊருக்குப் போகத்தான் போகிறார். ஐம்பது பிரதி பையில் இருந்தால் போதும். நிதி கொடுப்பவர்கள் பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்கும்போது, விற்ற பிரதிகளின் எண்ணிக்கையையும் வாங்கியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.